அம்சத்தின் பேரில் எழுதச் சொன்ன நோவு

கீழத்தெரு, நீடாமங்கலம் வழி
5-2-1973, திங்கட்கிழமை

இதனால் சகலமானவர்களுக்கும், குறிப்பாகத் தருமபுரிப் பக்கம் மலையடிவாரத்தில் ஊசியும் கையுமாக உலா வரும் எங்கள் அருமை அக்கா, கிராம நர்சு ரெத்தினம் அவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுக் கறுப்புப் பெட்டைக்கோழி இருபத்தொரு நாள் இடைவிடாத உட்காரும் போராட்டத்துக்குப் பிறகு நேற்றுக் காலை ஏழு முட்டையில் நான்கைப் பொரித்து அறுதிப் பெரும்பான்மை பெற்றுவிட்டது. மீதி மூன்றும் கூமுட்டை, டெபாசிட் காலி. வாழ்த்துச் சொல்ல வந்த பக்கத்து வீட்டுப் பூனையை அம்மா விளக்குமாற்றால் வரவேற்று வழியனுப்பி வைத்தாள். கடிதத்தின் தலையில் இருக்கும் மசிக்கறையைப் பார்த்து முகம் சுளிக்காதே. பிள்ளையார் சுழி போடுடா என்றாள் அம்மா, சங்கத்துக்காரன் வீட்டில் சுழி என்ன சுழி என்பார் அப்பா, நான் பேனாவை உதறி ஒரு சொட்டு விட்டுவிட்டேன். வேண்டியவர்கள் சுழி என்று கும்பிடலாம், வேண்டாதவர்கள் கறை என்று கழுவலாம். நீ வேலைக்குப் போன பிறகு இந்தத் தெருவில் எழுதத் தெரிந்த கை என்று தேடினால் உன் தம்பி இராஜாங்கத்தின் கைதான் அகப்படும். மனு, மகஜர், மாமியாருக்கு மறுப்பு, மச்சானுக்கு மன்னிப்பு, எல்லாம் நம் பட்டறையில்தான். எழுத்து மட்டுமா, பேச்சும் அப்படித்தான். நான் ஒரு குரல் கொடுத்தால் கீழத்தெருவே திரண்டு நிற்கும். சும்மா அளக்கவில்லை, போன செவ்வாய்க்கிழமை மெய்யாகவே திரண்டது, அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது அம்மா எதிரே உட்கார்ந்து அறிவிப்பு முடிஞ்சுதாடா, நான் சொல்றத எழுதுறியா இல்ல ஒங்கதையத்தான் எழுதுறியா என்று கேட்கிறாள். ஆகவே ஒரு சட்டம். இதற்குப் பிறகு வருவதெல்லாம் அம்மா சொல்வது, கொச்சையைக் களையெடுத்து நாற்று நட்டது மட்டும் நான். அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான் சொல்வது, அதில் அம்மாவுக்குப் பங்கில்லை.

அன்பு மகள் ரெத்தினத்துக்கு அம்மா ராமாயி சொல்லி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் மூன்று வேளையும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீ எப்படி எழுந்து நடமாடுகிறாய் என்று ஒரு வரி வந்தால்தான் எனக்குச் சோறு தொண்டைக்குள் இறங்கும். போன கடிதத்தில் அங்கே குளிர் என்றும் கேழ்வரகுக் களிதான் சாப்பாடு என்றும் எழுதியிருந்தாய். களி உடம்புக்கு நல்லதுதான், ஆனால் குளித்துவிட்டுத் தலை உலராமல் சைக்கிளில் ஏறிப் போகாதே, காதில் துணி கட்டிக்கொள். வீட்டுக்காரி அறையைக் காலி பண்ணச் சொன்னாள் என்று எழுதினாயே, வேறு இடம் கிடைத்ததா, நர்சு என்றால் அகால வேளையில் ஆள் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று வீடு கொடுக்க யோசிக்கிறார்கள் என்றாய், அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கவலையாக இருக்கிறது. பிரசவம் என்று யார் வந்து கூப்பிட்டாலும் தனியாகப் போகாதே, அந்த வீட்டுப் பொம்பளை ஒருத்தியைக் கூட வரச் சொல்லு. (அம்மா இதை மூன்று தடவை சொன்னாள், நான் ஒரு தடவை எழுதியிருக்கிறேன், நீ மூன்று தடவை படித்துக்கொள்.) இங்கே சம்பா கதிர் தலை சாய்ந்து நிற்கிறது, அறுக்கத்தான் ஆள் இறங்கவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று நம் ஆட்கள் கொடியை நட்டுவிட்டார்கள், பண்ணையில் வெளியூர் ஆளை இறக்கப் பார்க்கிறார்கள், இரண்டுக்கும் நடுவில் போலீஸ்காரர்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கூடத்தில் குடியேறிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். உன் அப்பா காலையில் களத்துக்குக் கூட்டம் பேசப் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார், தொண்டை கட்டிப் போய் வீட்டில் சைகைதான். (அப்பாவுக்கு வேலைநிறுத்தம். அம்மாவுக்கு வேலை உண்டு, நிறுத்தம் இல்லை.) இந்தக் கோபத்தில் பண்ணைக்காரர் வாய்க்கால் ஓரத்து மூங்கில் கொல்லையை முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். நாங்கள் காலைக்கடனுக்கு ஒதுங்குகிற இடம் அது ஒன்றுதான் என்று உனக்குத் தெரியும். ஆண்களுக்கு ஆற்றங்கரை முழுக்கத் திறந்து கிடக்கிறது, நாங்கள் விடிவதற்குள் ரோட்டுப் பாலம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது, பகலில் வந்தால் அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான், அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம். தாசில்தாரிடம் பேசப் போகிறபோது இதையும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்க என்று உன் அப்பாவிடம் சொன்னேன், ஏண்டி, அவ்வளவு பேரு முன்னாடி போயி இதையா பேசச் சொல்ற என்று சிரித்துவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

(அம்மா உலை பொங்குகிறது என்று எழுந்து போயிருக்கிறாள். இடைவேளையில் இராஜாங்கத்தின் வீர வரலாறு. போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. ஆண்கள் எல்லாரும் களத்தில் கூட்டத்தில் இருக்கிறார்கள். நானும் என்னோடு படிக்கிற ஜெக்கரியாவும், பள்ளிக்கூடத்துக்கு எங்கள் தரப்பிலும் ஒரு வேலைநிறுத்தம் என்று அறிவித்துவிட்டு, மதகு மேல் உட்கார்ந்திருக்கிறோம். அப்போது சுகாதார இலாகா வெள்ளை வண்டி ஒன்று, முதுகில் சிவப்பு முக்கோணத்தோடு, ஆடி அசைந்து நம் தெருவுக்குள் திரும்புகிறது. குடும்பக் கட்டுப்பாட்டு வண்டி! அக்கம்பக்கத்து ஊர்களில் ஆளைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போய் அறுத்து அனுப்புகிறார்கள் என்று பேச்சாகக் கிடக்கிறதே, அதே வண்டி. விடுவானா இராஜாங்கம்? வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஆபரேஷன் வண்டி வந்துருச்சு, கோயிலாண்ட பொம்பளைங்கள புடிச்சு ஒக்கார வச்சிருக்காங்க, ஓடியாங்க ஓடியாங்க என்று ஒரே ஒரு குரல். அவ்வளவுதான் அக்கா. மூன்று மணி நேரமாகத் தீராத கூட்டம் மூன்று நொடியில் எழுந்தது. கழியும் கையுமாக ஓடினார்கள், முன்னால் நம் அப்பா. மாரியம்மன் கோயில் பக்கம் நிஜமாகவே பொம்பளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், அம்மாவும் இருந்தாள், நான் சொன்னது பலித்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். வண்டி வந்த வழியே போனது. கத்தியில்லாமல் ரத்தமில்லாமல், கத்தியே ஊரைக் காப்பாற்றினேன். குரல் யாருடையது என்று இன்று வரை ஒருவருக்கும் தெரியாது, தன்னடக்கம் காரணமாக நானும் வெளியிடவில்லை. அம்மா வந்துவிட்டாள்.)

ரெத்தினம், இதைக் கொஞ்சம் கவனமாகப் படி. உன் அம்சம் அத்தைக்கு உடம்பு சரியில்லை. (அம்சம் அத்தைக்கா? காலையில்கூட ஆட்டுக்கிடாவைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.) அவளுக்கு இடுப்பில் ஒரு நோவு. இடுப்பு என்றால் இடுப்பு இல்லை, அதற்குக் கீழே. (எங்கே என்று கேட்டேன். முதுகுக்குக் கீழே காலுக்கு மேலே என்கிறாள். பூகோளப் பரீட்சையில் இப்படி எல்லை எழுதினால் வாத்தியார் முட்டை போடுவார், அதுவும் கூமுட்டை.) நின்றால் அடிவயிறு கனக்கிறதாம், உட்கார்ந்தால் எலுமிச்சம்பழத்தின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம். குனிந்து அறுக்கும்போதும் கட்டுத் தூக்கும்போதும் வெளியே வந்துவிடுகிறதாம். (என்ன வெளியே வருகிறது என்று கேட்டேன். எழுதுடா, அவளுக்குப் புரியும் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.) சில நாள் எரிச்சல், சில நாள் ரத்தம், சிரித்தால் தும்மினால் சீலை நனைந்துபோகிறது, அதனால் அவள் கல்யாணம் காட்சி என்று எங்கேயும் போய் உட்காருவதில்லை. இதற்கு மாத்திரை இருந்தால் அனுப்பு, இல்லை என்றால் என்ன செய்யச் சொல்கிறாய் என்று எழுது. (அம்சம் அத்தை கல்யாணத்துக்குப் போவதில்லையாம்! போன தையில் பந்தியில் இரண்டு இலை பார்த்தது யார்?)

(இந்த அடைப்புக்குறி நீளம் அக்கா, பொறுத்துக்கொள். மேலே உள்ளதை எழுதி முடித்த நேரத்தில் அம்சம் அத்தையே முறம் கேட்டு வந்தது. நான் சும்மா இருப்பேனா, வாங்கத்தை, ஒங்க நோவு தருமபுரி வரைக்கும் போவுது என்று சொல்லி எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எனக்கா, நான் என்னாடா நோவுல கெடக்குறன், கல்லுக்குண்டாட்டம் இருக்கேன் என்று சிரித்தது. சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தது. அம்மா அடுப்புப் பக்கம் இல்லாத சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள். அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டது. அண்ணி, எம்பேரச் சொன்னா எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிடாது, ஆனா ஒங்களுக்குன்னு சொன்னாத்தான அந்தப் புள்ள வயித்துல அடிச்சுக்கிட்டு ஏதாச்சும் வழி பாக்கும், அத்தைக்குன்னா ஒரு மாத்திரைய மடிச்சு அனுப்பிட்டு இருந்துடும், இல்லயா என்று மெதுவாகக் கேட்டது. அம்மா, இவங்கையால எழுதச் சொல்றியேடி, நான் பெத்த ஆம்பளப் புள்ளடி என்றாள். வேற கை எங்க இருக்கு அண்ணி, நம்ம ரெண்டு பேரு கையும் நாத்துப் புடிக்கத்தான் படிச்சுருக்கு என்றது அத்தை. பிறகு என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, டேய், அந்தப் பக்கம் திரும்பி ஒக்காரு, காதால கேளு, கையால எழுது, கண்ணால பாக்காத, ஒம்பாட்டுக்கு நடுவுல எதையும் சேக்காத என்றது. இப்போது நான் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். அம்மா என் முதுகோடு முதுகு சாய்ந்து அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் பேசுவது என் முதுகில் அதிருகிறது.)

ரெத்தினம், நோவு எனக்குத்தான். அடி இறங்கிப் போச்சு, பிள்ளைப் பை கீழே நழுவிவிட்டது. இது இன்று நேற்று வந்தது இல்லை, உன் தம்பி பிறந்த வருசத்தில் வந்தது. ஐப்பசி மழையில் அவனைப் பெற்றேன், பத்தாம் நாள் நடவுக்கு ஆள் போதவில்லை என்று பண்ணையில் கூப்பிட்டார்கள், மாட்டேன் என்றால் அடுத்த நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள், போனேன். இடுப்பளவு சேற்றில் நின்று குனிந்து நட்டேன். மூன்றாவது நாள் நாற்றுக்கட்டைத் தூக்கும்போது உள்ளே ஏதோ அவிழ்ந்து வழுகின மாதிரி இருந்தது, அப்போதிருந்து அது தன் இடத்தில் நிற்கவில்லை. பச்சை உடம்பு, சரியாகிவிடும் என்று மருத்துவச்சி எண்ணெய் தேய்த்துவிட்டாள். சரியாகவில்லை. பழைய சீலையைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் இந்தப் பதினைந்து வருசமும் நட்டேன், அறுத்தேன், கட்டுச் சுமந்தேன், அந்தத் துணியைப் பகலில் காயப்போட இடம் இல்லாமல் பாய்க்கு அடியில் காயவைத்தேன். முன்பெல்லாம் படுத்தால் உள்ளே போய்விடும், இப்போது படுத்தாலும் போகவில்லை, உரசி உரசிப் புண்ணாகிவிட்டது. இதை நான் உன் அப்பாவிடம் சொன்னதில்லை. உன்னிடமும் சொன்னதில்லை, நீ நர்சுக்குப் படித்து வந்து நின்றபோது சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, பிள்ளை வெள்ளைச் சேலையோடு சந்தோசமாக நிற்கிறது, இதை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நம் தெருவுக்கு வருகிற மலர்கொடி நர்சம்மாவைப் பற்றி எழுதியிருந்தேனே, வேளாங்கண்ணிப் பக்கத்துக் கடற்கரைப் பொண்ணு, பதினோரு ஊருக்கு ஒருத்தியாக நடக்கிறாள், அவளைப் பார்க்கும்போதெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொள்வேன். பிள்ளைகளுக்கு அம்மைப்பால் வைக்க வந்தவள் நான் உட்காருவதைப் பார்த்துவிட்டு, ஏன் பெரியம்மா ஒருக்களிச்சே ஒக்காருறீங்க என்று கேட்டாள். பதினைந்து வருசத்தில் கேட்ட முதல் ஆள் அவள்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு வீடு வீடாகப் போய் மெதுவாக விசாரித்திருக்கிறாள், இந்த ஒரு தெருவில் மட்டும் என்னை மாதிரி இன்னும் பதினோரு பேர் ரெத்தினம். ஒருத்திக்கு இருப்பது இன்னொருத்திக்குத் தெரியாது, எல்லாரும் தனக்கு மட்டும்தான் இந்தச் சாபம் என்று மூடிக்கொண்டு கிடந்திருக்கிறோம். உள்ளே ஒரு வளையம் வைத்தால் ஏறி நிற்கும், அது லேடி டாக்டர் வைக்க வேண்டும், நான் கூட்டிவருகிறேன் என்று சொல்லி மூன்று மாதம் அலைந்து, ஒரே ஒரு செவ்வாய்க்கிழமையை வாங்கிக்கொண்டு வந்தாள். ஆண்களுக்கு மட்டும் தெரிய வேண்டாம், ஆபரேஷன் என்று நினைத்துக் கலவரம் பண்ணுவார்கள் என்று நாங்கள்தான் அவளிடம் சொன்னோம். மாரியம்மனுக்கு மாவிளக்குப் போடுகிறோம் என்று வீட்டில் பொய் சொன்னோம். கூட்டத்துக்கு ஆண்கள் களத்துக்குப் போன பிறகு தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு, கோயில் பக்கத்தில் படுதா கட்டி வரிசையாக உட்கார்ந்தோம். போன செவ்வாய்க்கிழமை.

(மேலே நான் எழுதினேனே, அந்த வண்டி.)

டாக்டர் சின்னப் பொண்ணுதான், தகரப் பெட்டியும் கொதிக்கவைத்த தண்ணீருமாக உட்கார்ந்தாள், முகம் சுளிக்கவில்லை. முதல் ஆள் உள்ளே போனாள். அவளுக்கு அடுத்தது நான். அப்போது யாரோ ஒரு பாவி களத்துப் பக்கம் ஆபரேஷன் வண்டி என்று கத்திவிட்டான். ஆண்கள் கழியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள், உள்ளே படுத்திருந்தவள் சீலையை அள்ளிச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக ஓடினாள். உன் அப்பா மலர்கொடியைப் பார்த்து, எங்க வீட்டுப் பொம்பளைங்க வயித்துல கை வைக்க நீ யாரு, நாங்க போராடுறது எங்க சந்ததிக்குத்தான், அதையே அறுக்க வந்தியா என்று கேட்டார். இன்னும் சிலர் கேட்டதை உன் தம்பி கையால் எழுதச் சொல்ல மாட்டேன். ஒருவன் சேற்றை அள்ளி அவள் வெள்ளைச் சேலையில் எறிந்தான். அவள் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, எங்களைத் திரும்பிப் பார்த்து, நீங்களே சொல்லுங்கம்மா, எதுக்கு வந்தோமுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க என்று கேட்டாள். ஓடியவள் போகப் பதினோரு பேர் இருந்தோம். எதிரே புருசன், மாமனார், கொழுந்தன், தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகள். என்னவென்று சொல்வது? அடி இறங்கிக் கிடக்கிறது என்று அத்தனை பேர் நடுவில் எந்த வாயால் சொல்வது? நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் பெட்டியை மூடினாள், நூறு ஊருக்கு மாசத்துல ஒரு வண்டி, அடுத்த ஊர்லயாவது கேக்குறவங்களுக்குப் பாக்குறேன் என்று மலர்கொடியிடம் சொல்லிவிட்டு ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு மலர்கொடி வரவே இல்லை, லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள், மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள் என்கிறார்கள்.

இனிமேல் தஞ்சாவூருக்குத்தான் போக வேண்டுமாம், புண் முற்றிவிட்டால் வளையம் போதாது, பையையே எடுக்க வேண்டியிருக்கும் என்று மலர்கொடி முன்பே சொல்லியிருந்தாள். அதற்கு உன் அப்பா கையெழுத்துப் போட்டால்தான் சேர்ப்பார்களாம். உடம்பு என்னுடையது, கையெழுத்து அவருடையது. ஆபரேஷன் என்று கேட்டதற்கே கழியைத் தூக்கியவரிடம் நானே போய் ஆபரேஷன் என்று சொன்னால், அன்றைக்கு அந்த வரிசையில் நீ எதற்கு உட்கார்ந்தாய் என்று முதலில் கேட்பார். (அம்சம் அத்தை, கத்துனானே அந்தக் கழிசடை, அவன் ஆத்தாளுக்கு இப்படி இருந்து அவன் கண்ணால பாத்தா தெரியும் அவனுக்கு என்றது. அம்மா, வேணாம்டி, எந்த ஆத்தாளுக்கும் வேணாம் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, அன்னைக்கு நீ எங்கடா இருந்த, யாரு கத்துனான்னு பாத்தியா என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் இருந்தேன் என்றேன்.)

இன்னொன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். அங்கே உன்னையும் எவனாவது இப்படி மறித்துக்கொண்டு பேசுவான். அந்த ஊர்ப் பொம்பளைகளும் எங்களை மாதிரி வாயை மூடிக்கொண்டுதான் நிற்பார்கள். அவர்கள் மேல் கோபித்துக்கொண்டு வந்துவிடாதே தாயி, அடுத்த வாரமும் போ. மலர்கொடி அடுத்த வாரம் வருவாள் வருவாள் என்று இங்கே நான் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். உன் கை பட்ட பிள்ளைகள் எல்லாம் நன்றாகப் பிழைக்கட்டும், நீயும் நல்ல இடத்தில் அமர்ந்து, நான் கெட்ட மாதிரி கெடாமல், காலாகாலத்தில் பெற்று, பெற்ற பிறகு ஒரு மாதமாவது படுத்து எழுந்திருக்கிற வாழ்வு உனக்கு அமையட்டும். பதில் போடும்போது மறக்காமல் அம்சம் அத்தைக்கு என்றே எழுது. தபால் உன் அப்பா கையில் கிடைத்தால் தம்பி அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு
உன் அம்மா ராமாயி
(இடது கைப் பெருவிரல் ரேகை. அடுப்புச் சாம்பல் ஒட்டியிருந்தது, அதனால் கொஞ்சம் மங்கல்.)

அக்கா, இது புதன்கிழமை. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. இனி அடைப்புக்குறி இல்லை, எல்லாம் நான்தான்.

முதல் தாளில் என் குரலுக்குத் தெருவே திரளும் என்று எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், தாளுக்குப் பின்பக்கம் அம்மா சொன்னது இருக்கிறது, மசி ஊறி அது படிக்க முடியாமல் போய்விடும் என்று விட்டுவிட்டேன். ஊரைக் காப்பாற்றினேன் என்றதும் பொய். அந்த வண்டி ஆபரேஷன் வண்டி இல்லை என்று எனக்குத் தெரியும். மதகைத் தாண்டும்போது உள்ளே மலர்கொடி நர்சம்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், என்னைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார்கள். பிள்ளைகளுக்கு ஊசி போட வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்பாவின் கூட்டத்தை ஒரு குரலில் கலைக்க முடியுமா என்று ஜெக்கரியா கேட்டான். நாலு கமர்கட்டுப் பந்தயம். ஜெயித்தேன், அன்றைக்கே தின்று தீர்த்தும் விட்டேன். பொம்பளைகளைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கத்தியது சும்மா எடுப்பாக இருக்கட்டும் என்று சேர்த்தது. கோயிலடியில் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நான் வேலிக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுப் பள்ளிக்கூடம் போகாமல் நர்சம்மாவின் சுகாதார நிலையத்துக்கு நடந்தே போனேன். லேடி டாக்டரைப் பார்த்து, தப்பு என்னுடையது, இன்னொரு செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று சொல்வதாகத் திட்டம். வழி நெடுக மேடைப் பேச்சு மாதிரி ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். டாக்டர் அறைக்கு முன்னால் பொம்பளைகள் வரிசை. நான் போய் நின்றதும் ஆயா ஒருத்தி, பொம்பளைங்க நிக்குற எடத்துல ஒனக்கு என்னாடா வேல, அந்தாண்ட போ என்று விரட்டிவிட்டாள். ஆண்கள் பக்கம் கம்பவுண்டர் சன்னலில் தலையை நீட்டி, என்னா தம்பி செய்யுது என்று கேட்டார். பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். அம்மாவுக்கு என்று ஆரம்பித்தேன். அம்மாவுக்கு என்னா என்றார். அக்கா, அந்த இரண்டு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். நாலு வெள்ளை மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்குப் பதினோரு பேரும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மனசுக்குள் அவர்கள் மேல் கொஞ்சம் கோபமாக இருந்தேன், அதுவும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் மடியில் இருந்த பொட்டலத்தைப் பார்த்துவிட்டாள். யாருக்குடா மாத்திரை என்றாள். எனக்குத்தான், காய்ச்சல் என்றேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். வெயிலில் நடந்து வந்ததில் சுட்டிருக்கும் போல. ஏன்டா காலையிலேயே சொல்லல, படு, கஞ்சி வைக்கிறேன் என்று பாயை விரித்துப் போட்டாள். பானையில் தண்ணீர் இல்லை. நான் போய்க் கொண்டுவருகிறேன் என்று எழுந்தேன், காய்ச்சக்காரன் கொடந் தூக்குவானா, பேசாம படுறா என்று அதட்டிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே போனாள். வாசலைத் தாண்டும்போது ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனாள். முன்பெல்லாம் இப்படி நிற்பாளா, நிற்பதை நான் பார்த்ததில்லையா, தெரியவில்லை. நேற்று மூன்று குடம். இன்றும் என்னை எழுந்திருக்க விடவில்லை, படுத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன், அவள் இரண்டாவது குடத்துக்குப் போயிருக்கிறாள். கத்தியது நான்தான் என்று உனக்குச் சொல்லிவிட்டேன் அக்கா. அவளிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

தம்பி
இராஜாங்கம்